நோனியா தோண்டிய தெரு

எங்கள் ஊரில் சலவைத் தெரு எங்கே இருக்கிறது என்று யாரும் வழி கேட்பதில்லை. மூக்கு இருந்தால் போதும். ஊரின் தெருமுனைகளில் வைத்திருக்கும் ஜாடிகளில் ஆண்கள் பெய்துவிட்டுப் போவதெல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். கம்பளித் துணியின் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க அதைவிட நல்ல சரக்கு கிடையாது. அந்தத் தெருவில் இருபது வருஷமாகத் தொட்டிக்குள் நின்று துணி மிதித்தவள் நோனியா. அவள் கெண்டைக்காலைப் பார்த்தால் மல்யுத்தக்காரனுக்கே பொறாமை வரும். ஊரெல்லாம் கையால் பிழைக்கிறது, நான் காலால் பிழைக்கிறேன் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அடிமையாகப் பிறந்தவள். நோனியஸ் வீட்டில் துணி துவைத்து, அந்த மனிதர் சாகும்போது உயிலில் விடுதலை கொடுக்க, அவர் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கூடவே விடுதலையான ஹிலாரஸைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை இல்லை. அவளிடம் ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு; எதற்கெடுத்தாலும் நன்றி சொல்வாள். ரொட்டி நன்றாக வெந்தால் அடுப்புக்கு நன்றி, துணி சீக்கிரம் காய்ந்தால் வெயிலுக்கு நன்றி. பக்கத்துத் தொட்டி ஸ்டாக்டேவுக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"அக்கா, நீ கொசுவுக்குக்கூட நன்றி சொல்லுவ. கடிச்சதோட விட்டுட்டுப் போச்சேன்னு."

"ஆமாடி. ரெண்டு கொசுவா வராம ஒண்ணா வந்துச்சே, அதுக்கும் சேத்துச் சொல்லுவேன்."

இப்படிப்பட்டவளுக்கும் நன்றி சொல்ல ஒன்றும் இல்லாமல் போன வருஷம் ஒன்று வந்தது. கோடையின் உச்சத்தில், துணி வெளுக்கக் கந்தகப் புகை போடுகிற கூடையின் அடிச் சட்டியிலிருந்து ஒரு பொறி பறந்து கூரையில் ஏறிக்கொண்டது. தெருவில் தண்ணீர் கிடையாது. சந்தை மைதானத்து ஊற்றில் எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் சலவைக்காரர்களைக் கிட்டவே சேர்க்கமாட்டார்கள், பானை நாறுகிறதாம். ஆற்றுக்குப் போய்ச் சரிவேறித் திரும்புவதற்குள் அரைத் தெரு எரிந்துவிடும். ஜாடிகளில் இருந்ததையெல்லாம் தூக்கி நெருப்பில் ஊற்றினார்கள். அந்த நாற்றத்தை நினைத்து இன்றைக்கும் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். சிரிக்கட்டும். ஹிலாரஸ் உள்ளே போனது ஊரார் துணிகளை எடுக்க. துணி கெட்டால் சலவைக்காரன்தான் கொடுத்துத் தீர வேண்டும், அது சட்டம். ஒரு மூட்டையை வாசலுக்கு எறிந்தான், இன்னொன்றுக்குத் திரும்பினான். உத்தரம் அவன்மேல் விழுந்தது.

அந்த வருஷம் தெருக்களையும் தண்ணீரையும் பார்த்துக்கொள்ளும் அதிகாரியாக இருந்தவர் துரானியஸ். குட்டையான மனிதர். நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவதற்கு இருமுவார். அவர் தேர்தலில் ஜெயித்ததே எதிராக நின்றவன் வாயைத் திறந்து பேசியதால்தான் என்று ஊரில் சொல்வார்கள். ஆட்களோடும் தோல் வாளிகளோடும் அவர் ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் கிடந்த மூட்டை அவிழ்ந்திருந்தது. அதன் மேலாகக் கிடந்தது அவருடைய தோகா. சபைக்கு உடுத்திப் போகிற அந்த நீண்ட வெள்ளைத் துணியில் ஒரு கரிப்புள்ளிகூட இல்லை. அவர் அதை எடுத்துப் பார்த்தார், உள்ளே படுத்திருந்தவனைப் பார்த்தார், பிறகு தெருவின் இரண்டு முனைகளையும் பார்த்தார். எங்கேயும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஊர்க் கிடங்கில் அப்போது ஈயக் குழாய்கள் அடுக்கிக் கிடந்தன. ஊர்ப் பெயரை வார்ப்பிலேயே எழுத்தாகப் புடைக்க வைத்துச் செய்த குழாய்கள். நெரத்தியஸ் என்ற பெரும் பணக்காரர் மைதானத்துக்கு ஒரு வெண்கல டால்பின் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். டால்பின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டும், கீழே அவர் பெயர் இருக்கும். அதற்குத் தண்ணீர் கொண்டுவரத்தான் சபை ஈயம் ஒதுக்கியது. டால்பினோ கப்புவா என்ற ஊரில் எவனோ ஒரு சிற்பியின் பட்டறையில் வாலில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது. துரானியஸ் என்ன செய்தார் தெரியுமா? சபைக்காரர்கள் அத்தனை பேரும் திராட்சை அறுவடைக்குத் தங்கள் பண்ணைகளுக்குப் போயிருந்த நாட்களில், ஊர் ஈயக்காரன் ஃபிலெரோஸைக் கூட்டிக்கொண்டு அந்தக் குழாய்களைச் சலவைத் தெருவுக்குக் கொண்டுவந்து பதித்துவிட்டார். எழுத்து இருக்கிற பக்கத்தைக் கீழே திருப்பிப் பதிக்கச் சொன்னார்.

"யாராவது கேட்டா, நீங்களே காசு போட்டு வாங்கினதாச் சொல்லுங்க," என்றார் நோனியாவிடம். "வேற ஒண்ணும் சொல்ல வேணாம்."

நோனியா ஒரு வேலையை ஏற்றுக்கொண்டால் அரைகுறையாகச் செய்யமாட்டாள். பொய் சொல்வதும் வேலைதானே. மார்ச் மாதம், கைத்தொழில்களைக் காக்கும் மினெர்வா தேவியின் திருவிழாவில் சலவைக்காரர்கள் ஊர்வலமாகப் போகும்போது முதல் வரிசையில் நின்று சத்தம் போட்டாள். "எங்க காசு, எங்க குழாய், எங்க தண்ணி! ஊருக்குள்ள யார்கிட்டயும் கையேந்தல!" மைதானத்தில் நின்றவர்கள் நம்பினார்கள். ஊர் மூத்திரத்தையே காசாக்குகிறவர்களுக்குக் குழாய் வாங்கக் காசா இல்லை என்று பேசிக்கொண்டார்கள்.

தண்ணீர் வந்த முதல் நாள் தெருப் பெண்கள் ஒருத்தி முகத்தில் ஒருத்தி அள்ளி ஊற்றிக்கொண்டார்கள். ஸ்டாக்டே தன் நாலு பிள்ளைகளையும் வரிசையாக உட்காரவைத்துத் தேய்த்தாள். அவற்றில் ஒன்றின் உண்மையான நிறமே அன்றைக்குத்தான் தெரிந்தது என்றாள். நோனியா ஒவ்வொரு விடியலிலும் முதல் கிண்ணத்தைத் தரையில் ஊற்றுவாள். பாதி ஹிலாரஸுக்கு, பாதி துரானியஸைக் காக்கும் தேவதைக்கு. மூன்று கோடைகள் அப்படி ஓடின.

மூன்றாவது கோடையின் முடிவில் டால்பின் வந்து சேர்ந்தது. மீனைவிடக் கீழே இருந்த பெயர்ப் பலகை பெரியதாக இருந்தது. தண்ணீர் இணைப்பதற்காகக் கிடங்கைத் திறந்தார்கள். ஈயம் இல்லை. வெறும் தரையில் எலிப்புழுக்கை கிடந்தது. மைதானத்தின் நடுவில் டால்பின் வாயைப் பிளந்துகொண்டு காற்றைக் குடித்தது. குருவிகள் அதன் வாய்க்குள் குடித்தனம் வைத்தன. தன் பெயருக்கு மேல் குருவி எச்சம் விழுவதைப் பார்க்கிற எந்தப் பெரிய மனிதருக்கும் கோபம் வரத்தான் செய்யும். நெரத்தியஸ் துரானியஸ்மேல் வழக்குப் போட்டார். ஊர்ச் சொத்தைக் கையாடிய வழக்கு.

திருட்டிலேயே கேவலமான திருட்டு அதுதான் எங்களுக்கு. அடுத்தவன் ஆட்டைத் திருடினால் அவன் ஒருவன் வயிறெரிவான். ஊருடையதைத் திருடினால் ஊரே எரியும். சபை மண்டபச் சுவரில் அறைந்திருக்கிற செப்புத் தகட்டில் சட்டம் இருக்கிறது. எடுத்ததற்கு நாலு மடங்கு கட்ட வேண்டும், அதற்குப் பிறகு உயிருள்ளவரை சபையில் உட்காரக் கூடாது, தேர்தலில் நிற்கக் கூடாது, யாருக்கும் சாட்சி சொல்லக் கூடாது. துரானியஸுக்கு இருந்தது ஒரு வீடு, ஒரு ஆலிவ் தோப்பு, கல்யாணத்துக்கு நிற்கிற ஒரு மகள். நாலு மடங்கு என்றால் மூன்றும் போகும்.

வழக்குக்கு முந்தின நாள் அவரே சலவைத் தெருவுக்கு வந்தார். முகமெல்லாம் தாடி. கையில் மடித்த தோகா.

"நோனியா, இதை அழுக்காக்கிக் குடு."

நோனியா தொட்டியிலிருந்து இறங்கி ஈரக் காலோடு நின்றாள். "என்னய்யா சொல்றீங்க?"

"வழக்குல நிக்கறவன் வெள்ளையும் சள்ளையுமாப் போய் நின்னா, திமிருன்னு சொல்லுவாங்க. தாடி வளத்துட்டேன். தலைக்கு எண்ணெய் வைக்கல. துணி மட்டும்தான் பளபளங்குது. நீ வெளுத்தது அப்படி."

"இருபது வருஷத்துல யாரும் எனக்கு இப்படி ஒரு வேலை சொன்னதில்லய்யா. வெளுக்க என்ன கூலின்னு தெரியும். அழுக்காக்க என்ன கூலி கேக்கறது?"

"எங்க வீட்டுக்காரர்கிட்ட குடுங்கய்யா," என்றாள் ஸ்டாக்டே பக்கத்துத் தொட்டியிலிருந்து. "ஒரு தடவ உடுத்திட்டு ஒயின் கடைக்குப் போயிட்டு வரட்டும். காசே வேணாம்."

துரானியஸ் சிரிக்கப் போய் இருமினார். நோனியா அவரை உட்காரவைத்து, குழாயில் ஒரு கிண்ணம் பிடித்துக் கொடுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஐயா, ஈயம் இங்கதான் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா வழக்கே இல்லியே?"

"சொன்னா மறுநாளே சபை ஆள் அனுப்பித் தோண்டிடும். அது டால்பினுக்குன்னு ஒதுக்கின ஈயம். மீன் குடிக்கும். இங்க திரும்ப ஒரு பொறி பறந்தா நீங்க எதை ஊத்துவீங்க?" அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "என் வீட்டத் தேடட்டும், தோப்பத் தேடட்டும். இல்லாத ஈயத்த எப்படிக் காட்டுவாங்க? காட்டலேன்னா எப்படித் தண்டிப்பாங்க? நீ வாயைத் திறக்கக் கூடாது. ஹிலாரஸ் மேல சத்தியம் பண்ணு."

"அவர் மேல பண்ணமாட்டேன். அவர் உசிரோட இருந்தவரைக்கும் சத்தியமே பண்ணினதில்ல, பொய் வரும்னு," என்றாள் நோனியா. ஆனாலும் அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் அவளுக்குப் பட்டது. அன்று மத்தியானம் முழுக்க அவள் அடுப்புச் சாம்பலையும் ஒயின் வண்டலையும் எடுத்து, இருபது வருஷத் தொழிலுக்கு நேர் எதிராக, அந்த நல்ல துணியை நாசம் செய்தாள். செய்யும்போது அழுதாள். ஹிலாரஸ் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய துணி அது.

வழக்கு மைதானத்து மண்டபத்தில் நடந்தது. நடுவர்கள் ஏழு பேரும் உள்ளூர் நிலக்காரர்கள், பெஞ்சில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்கள். துரானியஸ் அழுக்குத் தோகாவோடு நின்றார். அவர் மனைவியும் மகளும் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு பின்னால் நின்றார்கள். முதல் அரை நாள் அவர் கணக்குப் போட்டபடியேதான் போனது. வீட்டில் ஒன்றும் கிடைக்கவில்லை, தோப்பில் ஒன்றும் கிடைக்கவில்லை. சாட்சிக்கு ஈயக்காரன் ஃபிலெரோஸ் வந்து நின்றான். அங்கேதான் எல்லாம் கவிழ்ந்தது.

"ராத்திரியோட ராத்திரியா வண்டில ஏத்தி, மலைக்கு அந்தாண்ட எடுத்துட்டுப் போகச் சொன்னார்," என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டே. "வித்துட்டதாக் கேள்வி."

கூட்டம் 'ஓ' என்றது. துரானியஸ் வாயைத் திறந்தார், இருமல்தான் வந்தது. அவர் மகள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஃபிலெரோஸ் குடியிருப்பது நெரத்தியஸின் வீட்டு மாடியில் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய? வாடகைக்காரன் பொய் சொல்வான் என்று சட்டத்தில் எழுதவில்லையே.

பின்னால் தூணோரம் நின்ற நோனியா அதைக் கேட்டாள். சத்தியம் பண்ணாதது நல்லதாகப் போயிற்று என்று மட்டும் தோன்றியது. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"பொய் சொல்றான்! ஈயம் எங்க தெருவுல இருக்கு. இவனே, இவன் கையாலதான் பதிச்சான். காஸ்டர் சாமி சத்தியமாச் சொல்றேன்!"

நெரத்தியஸ் அவளை மேலும் கீழும் பார்த்தார். நன்றாகத் தின்று வளர்ந்த குரல் அவருக்கு. "நீதானே மினெர்வா திருவிழாவுல கத்தினவ? 'எங்க காசு, எங்க குழாய், எங்க தண்ணி'ன்னு? ஊரே கேட்டுச்சே. அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா?"

கூட்டம் சிரித்தது. நோனியாவுக்கு முகம் சுட்டது. "அன்னிக்குச் சொன்னது பொய்," என்றாள். "குழாய்ல ஊர்ப் பேர் இருக்கு. அடிப்பக்கம் இருக்கு. வந்து பாருங்க."

நடுவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சலவைத் தெருவுக்குள் காலை வைக்க ஒருவருக்கும் மனமில்லை. ஒருவர் அப்போதே மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"பாக்கலாம், பாக்கலாம்," என்றார் நெரத்தியஸ். "ஒரு துண்டைத் தோண்டிக் காட்டுவாங்க. கிடங்குலேர்ந்து விழுந்த துண்டு ஒண்ணு அங்க இருக்காதா என்ன? பொறுக்கற கைங்கதானே. மீதி எங்கேன்னு கேட்டா மலைக்கு அந்தாண்டதான் போகணும்."

தலைமை நடுவர் வயிற்றைத் தடவிக்கொண்டு எழுந்தார். சாப்பாட்டு நேரமாகிவிட்டது. "நாளைக்கு முதல் வெயில்ல மறுபடி கூடறோம். காட்டறதுக்கு எது இருந்தாலும் இங்க கொண்டு வாங்க. அதுக்கப்புறம் வாக்குப் போட்டுருவோம்."

துரானியஸ் கூட்டத்தைத் தாண்டி நோனியாவைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவள் பார்க்காததுபோலத் திரும்பி நடந்தாள்.

தெருவுக்கு வந்து குழாயடியில் எல்லோரையும் கூட்டினாள். தண்ணீர் அதன் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. கத்தாமல், சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"ஒரு துண்டு பத்தாது. முழுக்க எடுக்கணும். எடுத்து மைதானத்துல கொண்டுபோய் வைக்கணும். வச்சா திரும்பி வராது, மீனுக்குப் போயிடும். இதான் சங்கதி."

ஸ்டாக்டேதான் முதலில் வெடித்தாள்.

"உனக்கென்ன அக்கா, பிள்ளையா குட்டியா? நாலு பேருக்கு நான் ஆத்துலேர்ந்து சுமக்கணும். அந்தச் சரிவுல என் இடுப்பு ஏற்கனவே ஒரு தடவ போயிருக்கு. அந்த மனுஷன் நல்லவர்தான், நான் இல்லேங்கல. அவருக்காகப் பலி குடுக்கச் சொல்லு, பன்னியே குடுக்கறேன். தண்ணியக் குடுக்கச் சொல்லாத."

"தப்பில்லடி நீ சொல்றது."

"நெருப்பு வந்தா?"

"வந்தா பழையபடி ஜாடியத் தூக்கி ஊத்துவோம்," என்றாள் நோனியா. சிரிக்கத்தான் சொன்னாள், ஆனால் குரல் உடைந்தது. "எனக்குப் பயமா இல்லேன்னு நினைக்கிறியா? எங்க வீட்ல போனது உசிரு. அது போனப்புறம், பெரிய மனுஷங்கன்னு இருந்தவங்க எல்லாம் ஒரு வாரம் மூக்கப் பொத்திட்டு அனுதாபம் சொன்னாங்க. ஒருத்தர் மட்டும் போய்த் தண்ணியக் கொண்டு வந்தார். கொண்டு வந்தா தன் தலை போகும்னு தெரிஞ்சே கொண்டு வந்தார். இன்னிக்கு அந்தத் தலைக்குக் கயிறு போடறாங்க, அவர் வாயத் திறக்கல. நமக்குத் தண்ணி போயிடும்னு திறக்கல. நாம குடிச்சிட்டு உக்காந்திருந்தா, அந்தத் தண்ணி தொண்டைல எறங்குமாடி?"

ஸ்டாக்டே கொட்டுகிற தண்ணீரில் கையை ஒரு தடவை நீட்டி எடுத்தாள். பிறகு உடையின் ஓரத்தைத் தூக்கி இடுப்பில் செருகினாள். "சரி, இருக்கற பானை பூரா முதல்ல ரொப்பிக்கலாம்," என்றாள். "ஜாடி மட்டும் வேணாம்."

ஆண்கள் பாதிப்பேர் வேலைக்குப் போயிருந்தார்கள்; இருந்தவர்களும் பெண்களும்தான் தோண்டினார்கள். ஊர்த் தெருவை அனுமதியில்லாமல் தோண்டினால் அபராதம். அதைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. தண்ணீர் வரும் வாயை அடைத்துவிட்டு, கற்களைக் கம்பியால் நெம்பிப் புரட்டினார்கள். இணைப்புகளில், துணிக்குப் புகை போடுகிற சட்டியிலிருந்து கங்கு எடுத்து வைத்து, ஈயம் இளகியதும் பிரித்தார்கள். முதல் குழாயைப் பிரித்துத் தூக்கியபோது உள்ளே தங்கியிருந்த தண்ணீர் நோனியாவின் தோளில் ஊற்றி முதுகு வழியாக இறங்கியது. குளிர்ந்த தண்ணீர். அவள் அப்படியே நின்று நன்றி சொன்னாள், குழாய்க்குத்தான் சொன்னாள். குழாயைத் திருப்பினார்கள். மண் அப்பியிருந்த அடிப்பக்கத்தைத் துடைத்தபோது ஊர்ப் பெயர் எழுத்து எழுத்தாக எழுந்து நின்றது. ஸ்டாக்டேவுக்குப் படிக்கத் தெரியாது. விரலால் தடவிப் பார்த்து, "தடியாத்தான் எழுதியிருக்காங்க," என்றாள்.

மறுநாள் முதல் வெயிலில் நடுவர்கள் வந்து உட்கார்ந்தபோது மைதானத்தில் காய்கறிக்காரர்கள்கூட வேலையை விட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்கள். சலவைத் தெரு வந்துகொண்டிருந்தது. இரண்டிரண்டு பேராக, தோளில் ஈயக் குழாய். முன்னால் நோனியாவும் ஸ்டாக்டேவும். துணி மிதித்து உரமேறிய கால்கள் அன்றைக்கு உதவின. ஒரு குழாயை மண்டபத்துக் கல்தரையில் இறக்கியபோது எழுந்த சத்தத்தில் புறாக்கள் பறந்தன. அடுத்தது. அடுத்தது. நெரத்தியஸ் முதலில் ஏளனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்; குவியல் இடுப்பளவு ஏறியதும் வியர்க்க ஆரம்பித்தார். எல்லாவற்றையும் எழுத்து மேலே தெரியும்படி அடுக்கியிருந்தார்கள்.

தலைமை நடுவர் இறங்கி வந்து கையிலிருந்த கம்பால் குழாய்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "கிடங்கு ஆளைக் கூப்பிடு. கிடங்குல இருந்தது மொத்தமும் இதானா?"

கிடங்கு ஆள் எண்ணிப் பார்த்துவிட்டு, ஆமாம், இதில் ஒன்றும் குறையவில்லை என்றான்.

ஃபிலெரோஸ் பின்னால் நழுவப் பார்த்தான். ஸ்டாக்டே அவன் வழியில் இடுப்பில் கைவைத்து நின்றாள். "எங்க போற மாமா? மலைக்கு அந்தாண்டயா? வண்டி வேணுமா?"

அவன் அழுதேவிட்டான். "வீட்டை விட்டுத் தொரத்திடுவேன்னார்," என்றான், யாரிடம் சொல்கிறோம் என்றுகூட இல்லாமல். அது நடுவர்கள் காதில் விழுந்தது.

நெரத்தியஸ் விடவில்லை. சபை மைதானத்துக்கு ஒதுக்கினதைச் சலவைத் தெருவில் போட்டதும் குற்றம்தானே என்றார். தலைமை நடுவர் யோசித்தார். "சபையைக் கேக்காம செஞ்சது தப்பு. அதுக்கு இவரை நான் திட்டறேன்; துரானியஸ், திட்டினதா வச்சுக்கோங்க. ஆனா கையாடல்னா எடுத்தவன் வீட்டுக்குப் போயிருக்கணும். இது ஊர்த் தெருவுக்கு அடியிலயே ஊர்ப் பேரோட படுத்திருக்கு. ஊர்லேர்ந்து ஊருக்குத் திருடறது எப்படின்னு எனக்குத் தெரியல."

நடுவர்கள் வாக்கைக் கீறிய மெழுகுப் பலகைகள் கலயத்துக்குள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஐந்து விடுதலை, இரண்டு தண்டனை. துரானியஸின் மகள் போட்ட கூச்சல் ஆற்றங்கரை வரைக்கும் கேட்டிருக்கும். தண்டனைக்கு ஓட்டுப் போட்ட இரண்டு பேர் யார் என்பதும் எங்களுக்குத் தெரியும்; அவர்கள் வீட்டுத் துணி அதற்குப் பிறகு ஒருபோதும் சரியாக வெளுத்து வரவில்லை.

ஈயம் அன்றைக்கே டால்பினுக்குப் போயிற்று. நோனியா அதை எதிர்பார்த்துத்தான் இருந்தாள். இருந்தாலும் ஆட்கள் அதைத் தூக்கிக்கொண்டு போனபோது அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் காலை துரானியஸ் வந்தார். சவரம் செய்திருந்தார். தெரு நீளத்துக்கும் பள்ளம் வாயைத் திறந்து கிடந்தது. பெண்கள் மண்ணைத் தள்ளி, கற்களைத் திரும்பப் பதித்துக்கொண்டிருந்தார்கள். குழாய் நின்ற இடத்தில் ஒரு கல்தொட்டி மட்டும் காய்ந்து கிடந்தது. நோனியா ஆற்றிலிருந்து அப்போதுதான் பானையோடு சரிவேறி வந்திருந்தாள், மூச்சு இரைத்தது. அவர் பள்ளத்தின் ஓரத்தில் நின்று, கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் அழுதார்.

"ஏம்மா இப்படிப் பண்ணின? நான் சொன்னேனே, வாயத் திறக்காதன்னு. உங்களுக்குன்னு நான் ஒண்ணே ஒண்ணுதான் செஞ்சேன். அதையும் என்னாலயே இல்லாம ஆக்கிட்டேன்."

"என்னது இல்லாம ஆச்சு?" நோனியா பானையை இறக்கி வைத்தாள். "மூணு கோடை குடிச்சோம். குளிச்சோம். இவ பிள்ளைங்க நாலும் ஒரு காய்ச்சலும் இல்லாம வளந்துச்சு. ராத்திரி படுத்தா, நெருப்பு வந்தாலும் தண்ணி இருக்குன்னு தூங்கினேன். அவர் போனப்புறம் அப்படித் தூங்கினது அப்பத்தான். உங்களுக்கு நன்றி சொல்லணும்னு தினமும் தரையில ஊத்தினேன், நேர்ல ஒரு தடவகூடச் சொன்னதில்ல. இப்பச் சொல்றேன், கேட்டுக்கோங்க. தெருவுல கிடந்த ஈயத்தத்தான்யா தோண்டி எடுக்க முடியும். குடிச்ச தண்ணிய எந்த நடுவர் வந்து எடுப்பார்?"

அவள் கிண்ணத்தைப் பானைக்குள் விட்டு மொண்டு நீட்டினாள். ஆற்றுத் தண்ணீர், கொஞ்சம் மண் வாசனை. அவர் இரண்டு கைகளாலும் வாங்கி, அடி வரைக்கும் குடித்தார். பிறகு கிண்ணத்தைத் திரும்ப அவளிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா," என்றார்.

அவள் நிறைய ஊற்றினாள்.